உதவியாளரோடு ஓட்டுப் போடும் சேவை: லயத்துப் படியிலிருந்து சபை மண்டபம் வரை ஒரு மதிப்பீடு

பார்வை இல்லாதவரோ உடல் வலுவிழந்தவரோ தனக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு வாக்களிப்பு நிலையத்துக்குள் போகலாம். இலங்கையில் 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் தந்த உரிமை அது. சல்லிக்காசு கட்டத் தேவையில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் இந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாக்களிப்பு நிலையத்துக்குள் இது நல்ல சேவை. அதற்கான கடதாசி எடுக்கும் வேலை தேவைக்கு மேல் இழுபடுகிறது. லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் இஸ்தோப்பிலிருந்து (முன் திண்ணையிலிருந்து) ரோட்டு வரைக்கும் சேவை என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. அதே ஆள் நாளைக்கு வேட்பாளராக நிற்க நினைத்தால் எல்லாவற்றையும் அவரே முதலிலிருந்து கட்ட வேண்டும்.

வேட்பாளர் என்ற பேச்சு வீண் ஆசை இல்லை. சட்டத்தரணி செனரத் அத்தநாயக்க உடல் வலுவிழப்போடு ஊவா மாகாண சபை உறுப்பினராகவும் மாகாண அமைச்சராகவும் இருந்தவர். பதுளை மாவட்டம் அந்த மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் பிறகு தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் போன சுகத் வசந்த டி சில்வா, பார்வையற்ற முதல் பாராளுமன்ற உறுப்பினர். மக்கள் ஓட்டில் மாகாண சபைக்குப் போவதும், கட்சி கொடுத்த இடத்தில் பாராளுமன்றம் போவதும் வேறு வேறு பாதைகள். மலையகத் தமிழர் பக்கத்திலிருந்து இந்த இரண்டில் ஒன்றில் ஒருவர் ஏற வேண்டுமென்றால், முதல் படி ஓட்டுப்பெட்டிக்குக் கிட்டப் போவது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கடதாசி

தேவையான கடதாசியின் பெயர் தகுதிச் சான்றிதழ். படிவத்தை மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ கேட்டு வாங்கலாம். வாக்காளரின் விபரத்தை நிரப்பிய பிறகு அதற்கு இரண்டு பேரின் உறுதிப்படுத்தல் வேண்டும். ஒருவர் ஜீ.எஸ். என்று கூப்பிடும் அந்தக் கிராம உத்தியோகத்தர், மற்றவர் அரசாங்க வைத்திய அதிகாரி. "மற்றவர் உதவி இல்லாமல் இவரால் வாக்குச்சீட்டில் அடையாளமிட முடியாது" என்ற கருத்தில் டொக்டர் சான்று கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் முதலாவது தடுக்கல் இங்கேதான். டிஸ்பென்சரியில் இருக்கும் ஈ.எம்.ஏ. ஐயாவிடம் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறார்கள். அவர் தோட்ட நிர்வாகத்தின் மருத்துவ உதவியாளர். அரசாங்க வைத்திய அதிகாரி இல்லை. அவருடைய சீல் இந்தப் படிவத்துக்குச் செல்லாது. சுகாதார அமைச்சு பொறுப்பேற்ற தோட்ட வைத்தியசாலைகளில் அரசாங்க டொக்டர் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பிரதேச வைத்தியசாலை அல்லது ஆதார வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். நடக்க முடியாத ஒருவரை, நடக்க முடியாது என்று எழுதி வாங்குவதற்காக முப்பது கிலோமீட்டர் ஆட்டோவில் கொண்டுபோகும் அவலம் இப்படித்தான் வருகிறது. இதைக் குறைக்க ஒரே வழி, மாதாந்த கிளினிக் நாளிலேயே படிவத்தைக் கையோடு கொண்டுபோவது. கிளினிக் கொப்பியும் பழைய ரிப்போட்டுகளும் கூட இருந்தால் டொக்டருக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது தடுக்கல் ஜீ.எஸ். இருக்கும் தூரம். தோட்டப் பகுதிகளில் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் பல தோட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பல டிவிசன்கள். தேர்தல் அறிவித்த பிறகு அவர் வாக்காளர் இடாப்பு, தற்காலிக அடையாள அட்டை விண்ணப்பம் என்று ஓடிக்கொண்டிருப்பார். தேர்தல் அறிவித்த முதல் வாரத்திலேயே கையெழுத்தை முடித்துவிடுவது நல்லது. வலுவிழந்தவர் நேரில் வர முடியாவிட்டால் வீட்டார் ஒருவர் அவருடைய அடையாள அட்டைப் பிரதியோடு போய்ப் பேசலாம். தேசிய அடையாள அட்டையே இல்லாதவர்கள் தோட்டங்களில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தற்காலிக அடையாள அட்டைதான் முதல் வேலை. அது இல்லாமல் தகுதிச் சான்றிதழ் மட்டும் இருந்து பயனில்லை. போன தேர்தலின் கடதாசியை நம்பியிருக்கவும் வேண்டாம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பொதுத்தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று முறை ஓட்டுப் போட வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

யார் உதவியாளராக வரலாம்? 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வேட்பாளராகவோ, வேட்பாளரின் முகவராகவோ இருக்கக்கூடாது. ரகசியம் காப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். சட்டம் இவ்வளவு சொல்கிறது. சட்டம் சொல்லாத ஒன்றைத் தோட்டத்தில் கவனிக்க வேண்டும். பல இடங்களில் உதவியாளரை வாக்காளர் தெரிவு செய்வதில்லை, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தெரிவு செய்கிறார். "நம்ம பையன் ஒருத்தன அனுப்புறேன் ஆயா, அவன் எல்லாத்தையும் பாத்துக்குவான்" என்று அன்பாகத்தான் சொல்லுவார். அந்தப் பையன் முகவர் பட்டியலில் இல்லாதவரை சட்டத்தில் தடையும் இல்லை. ஆனால் அந்த ஓட்டு யாருடையது என்பதுதான் கேள்வி. சங்கத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத மகளோ, மருமகளோ, பக்கத்துக் காம்பராப் பிள்ளையோ வருவது நல்லது. ஒரே ஆள் லயத்திலுள்ள மூன்று நாலு பேருக்கு உதவியாளராக நிற்பதும் சந்தேகத்தைக் கிளப்பும். ஆளுக்கு ஒருவராக இருக்கட்டும். கொழுந்தெடுக்கப் போகும் பிள்ளை என்றால், ஓட்டுப் போடுவதற்குச் சம்பளம் வெட்டாமல் தொடர்ந்து நாலு மணித்தியாலத்துக்குக் குறையாத விடுமுறை கொடுக்க வேண்டும் என்று பாராளுமன்றத் தேர்தல் சட்டம் சொல்கிறது. அதை எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் மறுக்கவும் மறக்கவும் லேசு.

படி, கான், ரோட்டு

இந்தச் சேவை உண்மையில் தோற்கும் இடம் இது. வீட்டிலேயே படுக்கையாக இருப்பவருக்குத் தபால் மூல வாக்கு கிடையாது. அது கடமையிலிருக்கும் அரச ஊழியர் போன்றோருக்கு மட்டும். பெட்டியைக் கொண்டு வீட்டுக்கு வரும் ஏற்பாடும் இல்லை. ஆள் போயே ஆக வேண்டும்.

போக்குவரத்துக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. வலுவிழந்த வாக்காளருக்கு வாகன வசதி வேண்டுமென்றால் மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வாக்களிப்பு நிலையத்தின் இலக்கம், வலுவிழப்பின் தன்மை, ஏற்ற வேண்டிய இடம் இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். வேட்பாளரோ கட்சியோ வாக்காளரை வண்டியில் ஏற்றிப் போவது குற்றம். ஆகவே "கட்சி வேன் வரும், அதுல போவோம்" என்று இருந்துவிடாதீர்கள். அனுமதி எடுத்த வண்டியில் போனால் யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

ஆனால் வண்டி வருவது ரோட்டு வரைக்கும்தான். மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்கு நாற்பது ஐம்பது படி இறங்க வேண்டிய டிவிசன்கள் மலைநாட்டில் சாதாரணம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகப் பிரதேச சபைகள் பல காலம் தோட்டத்துக்குள் செலவு செய்யவே முடியாமல் இருந்தன. 2018 திருத்தத்தோடுதான் அந்தத் தடை நீங்கியது. முப்பது வருஷமாகக் கைபடாத பாதை ஒரு சட்டத் திருத்தத்தோடு சமனாகிவிடாது. இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்று எந்தப் படிவத்திலும் ஒரு வரி இல்லை. இந்தச் சேவைக்கு நாம் வைக்கும் பெரிய குறையே இதுதான்.

ஆகவே இறக்கும் வேலையை வீட்டாரே சரியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். சமூக சேவைப் பகுதியிலிருந்தும் தொண்டு நிறுவனங்களிலிருந்தும் கிடைக்கும் மடக்குச் சக்கர நாற்காலி பெரும்பாலும் 17 முதல் 20 கிலோ. பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரம் 8 அங்குலம், மொத்த அகலம் 25, 26 அங்குலம். ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்த சாமான் அது. 60 கிலோ ஆளை வைத்தால் மொத்தம் 78 கிலோ. 12 அடிக்கு 1 அடி உயரும் சாய்தளத்தில் அதைப் பிடித்து நிறுத்த ஆறரைக் கிலோ அளவு விசை போதும். 5 அடிக்கு 1 அடி உயரும் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அதுவே 15 கிலோவைத் தாண்டும். ஈரக் கல்லில் செருப்புக் கால் வழுக்கும்போது அந்த 15 கிலோ ஒரு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, உட்கார்ந்திருப்பவர் மேட்டைப் பார்க்க, தள்ளுபவர் பின்பக்கமாக நடந்து இறங்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் அந்த 8 அங்குலச் சக்கரம் முதல் கல்லிலேயே முட்டும், ஆள் முன்னால் விழுவார். படியில் இறக்குவது வேறு மாதிரி. உட்கார்ந்திருப்பவர் இறக்கத்தைப் பார்க்க, நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரம் இரண்டிலும் ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். பலமான ஆள் பின்னால், மற்றவர் முன்னால் கீழ்ப்படியில். ஏற்றும்போது நாற்காலியின் முதுகு படியைப் பார்க்க வேண்டும், பின்னால் நிற்பவர் மேலே இழுக்க வேண்டும். முன்னால் பிடிப்பவர் இரும்புச் சட்டத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். கைதாங்கியும் கால்தட்டும் கழன்று வரும்படி செய்யப்பட்டவை. தூக்கும்போது அவை கையோடு வந்துவிட்டால் ஆள் கீழே. பிடிகளில் இருக்கும் ரப்பர் உறை மழையில் நனைந்தால் உருவிக்கொண்டு வரும். முதல் நாளே இழுத்துப் பாருங்கள், ஆடினால் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். பக்கத்திலிருக்கும் பிரேக், நிறுத்தி வைக்கும்போது போடும் பிரேக். இறங்கும்போது அதைப் பிடித்து வேகம் குறைக்க நினைக்கக்கூடாது. கம்பளியின் நுனி, சேலைத் தலைப்பு இரண்டையும் மடியில் சொருகிவிடுங்கள், கம்பிக்குள் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் கட்டுவது கட்டாயம்.

லயத்து முன்னால் ஓடும் கானை, அதாவது வடிகாலை, தாண்ட ஒரு பலகை வேண்டும். ஒன்றரை அங்குலத் தடிப்பு, 30 அங்குல அகலம் இருந்தால் நாற்காலி நிற்கும். இரண்டு தனித்தனிப் பலகையைச் சக்கரத்துக்கு ஒன்றாகப் போட்டால் நடுவில் தள்ளுபவரின் கால் கானுக்குள் போகும்.

நாற்காலி இல்லாதவர்கள் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்குகிறார்கள். அதன் கால் படியில் முட்டினால் சடாரென்று வெடிக்கும். மரக் கதிரையில் வைத்து இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்குவது மேல்.

நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். வாக்களிப்பு காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. ஏப்ரல், மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மலைநாட்டில் மத்தியானத்துக்குப் பிறகு மழை கொட்டும். காலை ஏழு மணிக்குப் பனியும் ஈரமும் இருக்கும், வரிசையும் நீளம். ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் போய்த் திரும்புவதுதான் சரியான நேரம்.

உள்ளே

தோட்டப் பகுதி வாக்களிப்பு நிலையங்கள் அதிகம் பாடசாலைகளில்தான். சரிவை வெட்டிச் சமப்படுத்திய மேடையில் கட்டிய கட்டிடங்கள், ஆகவே வாசலில் படி. 6 அங்குலப் படி ஒன்றுக்கு 12க்கு 1 கணக்கில் 6 அடி சாய்தளம் வேண்டும். ஐந்து படிக்கு 30 அடி. பல இடங்களில் 30 அடி வைக்க முற்றமே இருக்காது. அதனால் இரண்டு படிக்குக் குறைவான வகுப்பறையை வாக்களிப்பு அறையாகத் தெரிவு செய்வதுதான் நடைமுறைத் தீர்வு. தேர்தலுக்கு முன் அதிபரிடமும் ஜீ.எஸ்.இடமும் சொன்னால் அறையை மாற்றுவது பெரிய காரியமில்லை. அன்றைக்குக் காலையில் சொன்னால் ஒன்றும் நடக்காது.

உள்ளே போன பிறகு சேவையின் தரம் கூடுகிறது. வரிசையில் நிற்க வைப்பதில்லை. சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரிடம் தகுதிச் சான்றிதழைக் கொடுத்து, "சேர், எனக்கு உதவிக்கு என் மகள் வர்றா" என்று சொன்னால் போதும். சான்றிதழ் இல்லாமல் போனவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த அலுவலரே இன்னொரு அலுவலர் முன்னிலையில் வாக்காளர் சொல்கிறபடி அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல், அதிகாரிகள் வேறு பகுதியிலிருந்து கடமைக்கு வருவார்கள். தமிழ் தெரியாத ஒருவரிடம் தன் ஓட்டைச் சொல்லிப் புரியவைப்பது வயதானவர்களுக்குப் பெரிய பாரம். சான்றிதழ் எடுக்க இவ்வளவு அலைவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வாக்குச்சீட்டு தனி விஷயம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், சீட்டு ஏறக்குறைய 26 அங்குல நீளம். 2024இல் ஏற்றுக்கொண்ட வேட்பு மனுக்கள் 39. அந்த நீளச் சீட்டை மேசையில் விரித்தால் அட்டை மறைப்புக்கு வெளியே தொங்கும். ஒரு கையால் மட்டும் வேலை செய்பவர் கீழ்ப்பாதியை முதலிலேயே உள்பக்கம் மடித்து, மேல்பாதியைப் பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். அடையாளமிட்ட பிறகு அச்சுப் பக்கம் உள்ளே வரும்படி மடிக்க வேண்டும். அவசரத்தில் மாறி மடித்துவிட்டால் பெட்டிக்குப் போகும் வழியிலேயே யாருக்குப் போட்டது என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

பொதுத்தேர்தல் சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி), பிறகு அதே கட்சியின் வேட்பாளர் மூன்று பேர் வரை விருப்பு இலக்கங்கள். ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டினால் ஒரு கட்சியின் வேட்பாளர் எண்ணிக்கை. நுவரெலியாவுக்கு 8 ஆசனம், ஆகவே 11 இலக்கம். பதுளைக்கு 9, ஆகவே 12. பார்வை இல்லாதவர் சின்னத்தின் பெயர், அது சீட்டில் எத்தனையாவது வரியில், மூன்று இலக்கங்கள் இவ்வளவையும் முதல் நாள் மனப்பாடம் செய்து போக வேண்டும். உதவியாளரிடம் உள்ளே வைத்து "சின்னத்துல போட்டாச்சா, இப்ப நம்பர வாசி" என்று காதோடு கேட்பது அவருடைய உரிமை. கொஞ்சம் பார்வை இருப்பவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பழகியிருப்பார்கள். போனை உள்ளே எடுக்க முடியாது. கைக்கு அடக்கமான பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோங்கள்.

மறைப்பு வைத்திருக்கும் மேசை நின்றுகொண்டு எழுதுபவருக்கு ஏற்ற உயரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது நெஞ்சுக்கு வரும். கைதாங்கி மேசையில் முட்டும், கிட்டப் போக முடியாது. ஆசிரியர் மேசை ஒன்றை இறக்கிப் போட்டு அட்டையை அதன்மேல் வைக்கச் சொல்லலாம். கேட்டால் செய்து கொடுக்கிறார்கள். கேட்காமல் செய்து வைத்திருக்கும் இடம் அரிது.

காது கேளாதவர்களுக்கு இந்தச் சட்டத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே சைகை தெரிந்தவர் இருக்க மாட்டார். முறையை முன்கூட்டியே வீட்டில் மாதிரிச் சீட்டு வைத்துக் காட்டிக்கொடுப்பதுதான் ஒரே வழி.

ஓட்டுக் கேட்பவராக மாறும்போது

1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வழியாக 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழ் மக்கள், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு ஓட்டையே இழந்தவர்கள். கடைசி மிச்சத்துக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது 2003 சட்டத்தில்தான். அப்படி மீட்ட உரிமையில் வலுவிழந்தவரின் பங்கு ஓட்டோடு நின்றுவிடக் கூடாது. அவர் சபையிலும் உட்கார வேண்டும். அந்தக் கண்ணால் பார்த்தால் சேவை மிகவும் மெலிந்தது.

உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. வலுவிழந்தவருக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. கட்சிக்காரர் பட்டியலில் போட்டால்தான் உண்டு. வேட்பு மனுவைப் பொறுத்தவரை பெரிய உடல் சிரமம் இல்லை. கட்சியின் சார்பில் மனுவைச் செயலாளரோ அதிகாரம் பெற்ற முகவரோ கொடுப்பார். வேட்பாளர் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரைக்கும் போக வேண்டியதில்லை, தன் சம்மதத்திலும் உறுதியுரையிலும் கையொப்பமிட்டால் சரி.

எந்தத் தேர்தலில் நிற்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது. உள்ளூராட்சித் தேர்தலின் வட்டாரம் சின்னது, செலவு குறைவு, ஆட்களைத் தெரியும். ஆனால் தோட்ட வட்டாரத்தில் ஓட்டுக் கேட்பது லயத்துக்கு லயம் படியேறும் வேலை. கால் இயலாதவருக்குக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களம், கோயில் முற்றம், கொழுந்து நிறுக்கும் இடம் என்று மக்கள் தானாகக் கூடும் மூன்று நாலு இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே போவதே வழி. மாவட்ட மட்டத்தில் படியைவிட வண்டிப் பயணம் அதிகம், அதனால் உடம்புக்கு லேசு, பணத்துக்குப் பாரம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். உதவியாளருக்குக் கொடுத்த காசு, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டு சேர்த்து வையுங்கள்.

நம்முடைய கருத்துப்படி வலுவிழந்த வேட்பாளருக்கு நடுவில் இருந்த நல்ல படி மாகாண சபைதான். ஊவாவில் 34 உறுப்பினர். அதில் பதுளைக்கு மட்டும் 18, ஆகவே ஒரு கட்சி 21 பேரை நிறுத்தலாம். அவ்வளவு நீளப் பட்டியலில் ஒரு வலுவிழந்தவருக்கு இடம் கேட்டு வாங்குவது லேசு. அத்தநாயக்க போன்ற ஒருவர் மாகாண அமைச்சர் வரைக்கும் வந்த மேடை அது. 2014 செப்டெம்பர் 20இல் ஊவாவில் நடந்ததோடு மாகாண சபைத் தேர்தல் நின்றுபோனது. அந்தப் படி உடைந்து கிடக்கிறது. திரும்பக் கட்டும்வரை வட்டாரமும் தேசியப் பட்டியலும்தான் மிச்சம்.

வென்று சபைக்குப் போன பிறகு கட்டிடத்தைப் பற்றிக் கேட்க சட்ட பலம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டிடங்களைப் புதிதாகக் கட்டும்போது அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளை. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தானே போராடி வாங்கிய கட்டளை அது. கூட்ட மண்டபம் மேல்மாடியில் இருந்தால் லிப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூட்டத்தைக் கீழ்த்தளத்து அறையில் நடத்தும்படி செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், அது செலவில்லாத தீர்வு.

பார்வையற்ற உறுப்பினருக்குத் தடை கட்டிடத்தில் இல்லை, கோப்பில். கையை உயர்த்தி வாக்கெடுத்தால் யார் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நிகழ்ச்சி நிரலும் கூட்டறிக்கையும் கணினியில் வந்தால், எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளால் கேட்டுக்கொள்ளலாம். என்விடிஏ என்ற அப்படியான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் நம் அலுவலகங்களில் இன்னமும் தமிழைப் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்ட வேலை. கண் பார்வை உள்ளவருக்கு "தமிழ்" என்று தெரியும் சொல்லை மென்பொருள் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். பத்துப் பக்க வரவு செலவுத் திட்டம் முழுக்க அப்படிக் கேட்டால் ஒரு சொல்லும் விளங்காது. அச்செடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்பினால் இன்னும் மோசம், அது வெறும் படம், மென்பொருள் வாயே திறக்காது. ஆகவே செயலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையொப்பமிட்டு ஸ்கேன் பண்ணிய பிரதி பதிவுக்கு இருக்கட்டும், லிகிதர் அடித்த மூலக் கோப்பை அப்படியே கூட்டத்துக்கு முன்னால் மின்னஞ்சலில் அனுப்பட்டும். பாமினியில் இருந்தாலும் பரவாயில்லை. மூலக் கோப்பு கையில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்ற ஒரு நிமிஷம்தான் ஆகும். மாற்றிய பிறகு இலக்கங்கள் இருக்கும் அட்டவணைகளை மட்டும் யாராவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும், பிழை வருவது அங்கேதான்.